"பொலிஸ் வேண்டாம், நாங்களே பாத்துக்கொள்றம்" என்று சொல்பவரை நம்பாதீர்கள்: நிலாவெளி வீதியில் எனக்கு நடந்தது

திருகோணமலையில் சைக்கிளில் வேலைக்குப் போய்வரும் எல்லாருக்காகவும் இதை எழுதுகிறேன். நிலாவெளி வீதியால் ஓடுபவர்கள் கட்டாயம் வாசியுங்கள். கார் அடித்த காயம் ஓரளவு ஆறிவிட்டது. அடித்த பிறகு ஒரு மணித்தியாலத்துக்குள் என்னை ஏமாற்றினார்களே, அது ஆறவில்லை.

நான் தையல் வேலை செய்கிறவள். பெப்ரவரி மாதம், ஒரு வியாழக்கிழமை பின்னேரம் ஐந்து மணி இருக்கும். சாம்பல்தீவில் ஒரு கலியாண வீட்டுக்குப் பிளவுஸ் கொடுத்துவிட்டு ரவுணுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். நல்ல வெளிச்சம். உப்புவெளி யுத்த மயானம் இருக்கிற பக்கத்தில் கடற்கரை ஹோட்டல்களுக்கு இறங்கும் ஒழுங்கைகள் இருக்கின்றனதானே, ரவுணுக்கு வரும்போது அவை எங்களுக்கு இடக்கைப் பக்கம் வரும். நான் இடது ஓரமாகத்தான் வந்தேன். பின்னால் வந்த கார் என்னை முந்தியது. முந்திய கையோடு சிக்னலும் போடாமல் எனக்கு முன்னாலேயே இடப்பக்கம் ஒழுங்கைக்குள் திருப்பியது. பிரேக் பிடிக்கக்கூட நேரம் இருக்கவில்லை. காரின் இடப்பக்கக் கதவில் மோதி, வலது கையை ஊன்றி விழுந்தேன்.

எழும்பிப் பார்த்தால் முன் ரிம் எட்டாக வளைந்திருந்தது. பின் சில்லு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. முழங்கை உரஞ்சி இரத்தம். வலது மணிக்கட்டில் ஒரு விறைப்பு, அவ்வளவுதான். பெரிய நோ ஒன்றும் இல்லை. அதனால்தான் நான் ஏமாந்தேன். விழுந்த நேரம் உடம்பு நோவைக் காட்டாது. அப்போது "எனக்கு ஒண்டும் இல்லை" என்று நாங்கள் சொல்லும் சொல்லுக்குப் பெறுமதி இல்லை. தயவுசெய்து அந்தச் சொல்லைச் சொல்லாதீர்கள். பிறகு அதைத்தான் அவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

காரை ஓட்டியவர் இறங்கி வந்து தண்ணீர் தந்தார். மன்னிப்புக் கேட்டார். கேட்கும்போது அவருடைய கை நடுங்கியதைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. பிறகு யாருக்கோ போன் எடுத்தார். பத்து நிமிடத்தில் இன்னொருவர் வானில் வந்து இறங்கினார். அந்த ஆளைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும்.

நல்ல தமிழ். நிதானமான பேச்சு. "தங்கச்சி, பயப்பிடாதீங்க, நானும் இந்த ஊர்தான்" என்று தொடங்கினார். 1990 அம்புலன்சுக்கு அடிப்போம் என்று நான் சொன்னேன். "அது வர நேரம் செல்லும் தங்கச்சி, என்ர வாகனத்தில உடன போவம்" என்றார். பொலிசுக்குச் சொல்ல வேண்டாமா என்று கேட்டேன். "பொலிசுக்குப் போனா உங்கட சைக்கிளையும்தான் கொண்டுபோய்ப் போடுவாங்க. பிறகு கோட்ஸ், தவணை, அலைச்சல். நீங்க உழைச்சுச் சாப்பிடுற ஆள். நாங்களே எல்லாம் பாத்துக்கொள்றம்" என்றார். அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. விபத்து வாகனத்தைப் பரிசோதனைக்காகப் பொலிஸ் கொண்டுபோவது உண்டு. பாதி உண்மையைச் சொல்லிப் பயப்படுத்துவதுதான் அவர்களுடைய வழி.

நான் வானில் ஏறும்போது அந்த ஆளும் கார்ச் சாரதியும் என் சைக்கிளைத் தூக்குவதைக் கண்டேன். ஒழுங்கை வாயில் கிடந்த சைக்கிள் அது. சிவப்புத் தொப்பி போட்ட ஒரு தம்பி, "ஏன் அண்ணன் எடுக்கிறீங்க, பொலிஸ் வரட்டும்" என்று சத்தமாகச் சொன்னார். "வாகனம் போக வழி வேணும்" என்று பதில் சொல்லிவிட்டு எடுத்தார்கள். பத்திரமாக ஓரத்தில் வைக்கிறார்கள் என்று நான் நினைத்தேன். தார் வீதிப் பக்கமாகத்தான் கொண்டுபோனார்கள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

என்னை ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்கள். "பெரியாஸ்பத்திரியில லைன்ல கிடக்கணும், இது உடன பாப்பாங்க, காசு நாங்க கட்டுறம்." கேட்க எவ்வளவு நல்லாயிருக்கிறது பாருங்கள். அதற்குள் இருந்த விஷயம் எனக்கு அன்று தெரியாது. அரசாங்க ஆஸ்பத்திரிக்கு விபத்துக் காயத்தோடு போனால் அங்கே இருக்கிற பொலிஸ் போஸ்டில் பதிவாகும். பொலிஸ் மூலம் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவம் வரும், சட்ட வைத்திய அதிகாரி காயத்தைப் பார்த்து எழுதுவார். எந்தக் காயம், எவ்வளவு பாரதூரம், எதனால் வந்தது எல்லாம் அன்றைக்கே ஆவணமாகிவிடும். பிறகு நட்டஈடு கேட்பதென்றால் அத்திவாரமே அந்தக் கடதாசிதான். தனியார் கிளினிக்கில் எனக்குக் கிடைத்தது மருந்துத் துண்டும் ஒரு எக்ஸ்ரேயும் மட்டும். எக்ஸ்ரேயில் முறிவு தெரியவில்லை என்று சொல்லி, சுளுக்குக்குக் கட்டிவிட்டார்கள்.

கிளினிக் வாசலில் வைத்து ஒரு கொப்பி ஒற்றை நீட்டினார். ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். விபத்து என் கவனயீனத்தாலும் நடந்தது, முழு நட்டஈடாக 15,000 ரூபா பெற்றுக்கொண்டேன், இனிச் சாரதி மீது எந்த முறைப்பாடும் இல்லை. "கவனயீனத்தாலும்" என்ற சொல்லில் எனக்குக் கண் நின்றது. கேட்டேன். "அது சும்மா ஒரு எழுத்து தங்கச்சி, ரெண்டு பேருக்கும் பாதுகாப்பு" என்றார். கட்டுப் போட்ட கையால் பேனையைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. நான் போட்ட கையெழுத்து என்னுடையது மாதிரியே இருக்கவில்லை. ஆனால் போட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள், சைக்கிளையும் இறக்கினார்கள், அம்மாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பன்னிரண்டு நாளாகியும் வலது கையால் கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. துணி வெட்டப் பெருவிரலை அழுத்தினால் உயிர் போகும். பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் பெருவிரலின் அடியில், மணிக்கட்டோடு இருக்கும் அந்தச் சின்னப் பள்ளத்தில் தன் விரலால் ஒரு அழுத்து அழுத்தினார். கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். திரும்ப எக்ஸ்ரே எடுத்தால் முறிவு. ஸ்கேபோயிட் என்று ஒரு சின்ன எலும்பு. கையை ஊன்றி விழுகிறவர்களுக்கு அடிக்கடி உடைவது இதுதானாம். முதல் நாள் எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது, பத்துப் பதினாலு நாளுக்குப் பிறகு எடுத்தால்தான் கோடு தெரியும். இரத்த ஓட்டம் குறைந்த எலும்பு என்பதால் பிந்தினால் பொருந்தாமலே போகலாம் என்றார். ஒன்பது கிழமை பிளாஸ்டர். தையல்காரிக்கு வலது கை ஒன்பது கிழமை இல்லையென்றால் என்ன என்பதை நான் விளக்கத் தேவையில்லை. சித்திரைப் புத்தாண்டுத் தையல் முழுவதும் போனது. கலியாண வீட்டு ஓடர் மூன்றைத் திருப்பிக் கொடுத்தேன்.

விழுந்து மணிக்கட்டு நொந்தால், "எக்ஸ்ரே நல்லம்" என்று ஒருதரம் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். நோ போகவில்லையென்றால் திரும்பப் போங்கள். தலை அடிபட்டு வாந்தியோ மயக்கமோ வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம்.

அந்த ஆளுக்குப் போன் எடுத்தேன். மூன்று நாள் எடுக்கவில்லை. நாலாம் நாள் எடுத்து, "கணக்கு முடிஞ்சு, கடதாசி இருக்கு" என்றார். தங்கச்சி என்ற சொல் அதில் இல்லை.

பொலிசுக்குப் போன இடத்தில்தான் தலை சுற்றியது. என்னைப் போக வேண்டாம் என்று தடுத்த ஆட்கள், விபத்து நடந்த அன்றைக்கே பொழுது பட முன் போய்ப் பதிவு போட்டிருக்கிறார்கள்! இன்சூரன்ஸ்காரர் வந்து படம் எடுத்து, காரும் திருத்தியாயிற்று. பதிவில் இருப்பது: சைக்கிள் திடீரென்று வலப்பக்கம் வெட்டியது, சைக்கிள் வீதியின் நடுக்கோட்டருகில் கிடந்தது. கதவில் இருந்த கீறல் என் கதைக்கும் பொருந்தும், அவர்கள் கதைக்கும் பொருந்தும். எது உண்மை என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி ஒழுங்கை வாயில் கிடந்த என் சைக்கிள்தான். அதைத்தான் தூக்கிவிட்டார்கள். என் கையில் போன் இருந்தது. ஒரு படம் எடுத்திருந்தால் போதும்.

ஆகையால் யாருக்கு நடந்தாலும், எழும்ப முடிந்தால் முதலில் சைக்கிள் கிடக்கும் கிடையைப் படம் எடுங்கள். தூரத்தில் நின்று, வீதியும் ஒழுங்கையும் தெரிய. பிறகு காரின் இலக்கம், அடிபட்ட இடம், முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருமான அனுமதிப்பத்திரம், சாரதியின் அனுமதிப்பத்திரம், இன்சூரன்ஸ் கடதாசி. எழும்ப முடியாவிட்டால் பக்கத்தில் நிற்கும் யாரிடமாவது போனைக் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள், அவருடைய இலக்கத்தையும் வாங்குங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119க்குச் சொல்லுங்கள். 1990 அம்புலன்சுக்குக் காசு இல்லை. சாரதி நிற்க வேண்டும், பெயர் விலாசம் தர வேண்டும், பொலிசுக்கு அறிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கும் கடமை. நாங்கள் கேட்கும் சலுகை கிடையாது. பக்கத்துக் கடையிலோ ஹோட்டலிலோ கமரா இருந்தால் அடுத்த நாளே போய்க் கேளுங்கள். நான் போனபோது பழைய பதிவு அழிந்து புதியது ஏறிவிட்டது.

பொலிஸ் நிலையத்தில் நான் விட்ட அடுத்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். நான் தமிழில் சொன்னேன், எழுதியவர் சிங்களத்தில் எழுதினார். முழுவதும் வாசித்துக் காட்டவில்லை. "சரிதானே, இதில போடுங்க" என்றார், போட்டேன். பிறகு சட்டத்தரணி பிரதி எடுத்து வாசித்தபோது, நான் "வலப்பக்கம் திரும்பும்போது" மோதியதாக இருக்கிறது. ஏற்கெனவே இருந்த பதிவைப் பார்த்து எழுதினாரோ, விளங்காமல் எழுதினாரோ, எனக்குத் தெரியாது. ஆனால் என் கையெழுத்து அதன் கீழே இருக்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. தமிழில் எழுதச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. தமிழ் எழுதத் தெரிந்தவர் இல்லையென்றால் அவர் வரும்வரை இருங்கள், இன்னொரு நாள் போங்கள். வாசிக்க முடியாத ஒன்றுக்குக் கீழே பெயர் வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், பிரதியும் எடுங்கள்.

சட்டத்தரணி சொன்னதில் எனக்கு ஆறுதலானவற்றையும் சொல்ல வேண்டும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் எந்த வாகனமும் வீதியில் ஓடக்கூடாது, அது அடிபட்டவரின் உடற்காயத்துக்காகவே இருப்பது. சைக்கிள்காரரும் மூன்றாம் தரப்புத்தான். நட்டஈட்டு வழக்கை இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அது காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தில் இருக்கும் எல்லை, அதைத் தாண்டினால் எவ்வளவு நியாயம் இருந்தும் பயனில்லை. வாசலில் எழுதிக் கொடுத்த துண்டோடு எல்லாம் முடிந்துபோகாது, ஆனால் எதிர்த்தரப்பு முதலில் தூக்கிக் காட்டப்போவதும் அதைத்தான். எனக்குப் பணம் கட்டி ஆள் வைக்க வசதி இல்லை. வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, அங்கே போக வெட்கப்பட ஒன்றுமில்லை. வாகனம் நிற்காமல் ஓடிவிட்டால் தேசிய வீதிப் பாதுகாப்புச் சபையிடம் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கும் பொலிஸ் முறைப்பாடு வேண்டும்.

சைக்கிள் இன்னும் விறாந்தையில் சாத்திக் கிடக்கிறது, வளைந்த ரிம்மோடு. திருத்த வேண்டாம் என்று சட்டத்தரணி சொல்லியிருக்கிறார். அன்று போட்டிருந்த சட்டையையும் தோய்க்காமல் பையில் வைத்திருக்கிறேன். பிளாஸ்டர் வெட்டியாயிற்று. ஊசி கோர்க்க முடிகிறது, தடித்த துணி வெட்ட இன்னும் முடியவில்லை.

அன்றைக்கு அந்த ஒழுங்கையடியில் நின்ற சிவப்புத் தொப்பித் தம்பி, அல்லது அவரைத் தெரிந்த யாராவது இதை வாசித்தால், எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். கடற்கரைப் பக்கமிருந்து நடந்து வந்தவர், கையில் நீல நிற வாளி வைத்திருந்தார். சைக்கிள் முதலில் எங்கே கிடந்தது என்று கண்டவர் அவர் ஒருவர்தான். தம்பி, உங்களுக்கு ஒரு கரைச்சலும் வராது. கண்டதைக் கண்டபடி சொன்னால் போதும்.