இடித்தது வேன்காரர், போனஸ் போனது எனக்கு
சிக்னலில் சும்மா நின்ற என் காரைப் பின்னால் வந்த வேன் இடித்துவிட்டது. தப்பு முழுக்க அவர் மேல்தான், ஆனால் அவருடைய இன்சூரன்ஸில் பணம் வாங்க வேண்டுமென்றால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் வரை அலைய வேண்டும், வருடக்கணக்கில் இழுக்கும் என்றார்கள், சரி போகட்டும் என்று என் பாலிசியிலேயே கிளெய்ம் போட்டேன். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் மறுநாளே ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிட்டார், அதில் குறை சொல்ல முடியாது.

பில்லைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. தேய்மானம் கழிக்காமல் பாகங்களுக்குப் பணம் தரும் ஜீரோ டெப் என்ற கூடுதல் கவர் எடுக்காததால் பம்பர் மாதிரி பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலை என் தலையில், கிளெய்மில் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 ரூபாய் தனி. அப்புறம் ஐந்து வருடம் கிளெய்ம் போடாமல் சேர்த்த 50 சதவீத நோ கிளெய்ம் போனஸும், அதாவது பிரீமியத் தள்ளுபடியும், பூஜ்யமாம்! கிளெய்ம் போடும்போதே இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

என் இன்சூரன்ஸ் கம்பெனியின் வேகத்துக்கு நான்கு ஸ்டார், விவரம் சொன்ன லட்சணத்துக்கு ஒன்று.