ஆற்றோர நடைக்கு 560 வெள்ளி கட்டினோம்: குடும்பத்தோடு போகிறவர்கள் படியுங்கள்

நடந்து பதினோரு நாள் ஆகிறது. போனால் போகட்டும் என்றுதான் இருந்தேன். நேற்று இரவு ஒன்றைப் பார்த்தேன், அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன். போனது 560 வெள்ளி (ரிங்கிட்). எங்கள் வீட்டில் அது ஒரு மாத மளிகை.

நாங்கள் இருப்பது மலேசியாவில், உலு சிலாங்கூரில் ஒரு தோட்டத்து ஊர். நான் செம்பனை எண்ணெய் ஆலையில் லோரி எடை போடும் இடத்தில் கிராணி (குமாஸ்தா). குலையோடு மணலையும் தண்ணீரையும் சேர்த்து ஏற்றி வருகிறவர்களை வாசலிலேயே பிடித்துவிடுவேன். அப்படிப்பட்ட நான்தான் ஏமாந்தேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

பள்ளி விடுமுறை. முகநூலில் ஒரு விளம்பரம்: மலைக்காட்டுக்குள் ஆற்றோர நடை, சமதளம், 40 நிமிடம், தாத்தா பாட்டி முதல் சின்னப் பிள்ளைகள் வரை வரலாம். அனுமதி, வழிகாட்டி, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் சேர்த்துப் பெரியவருக்கு 95, பிள்ளைகளுக்கு 60. நாங்கள் பெரியவர்கள் நாலு பேர், பிள்ளைகள் மூன்று பேர். கணக்கு 560. வார இறுதியில் காட்டு நடைக்கு ஆள் சேர்க்கிறவர்கள் இப்போது நிறைய பேர், இவர் அதில் ஒருவர், நம்ம ஆள்தான். பெயர் எழுதவில்லை. பாதையின் பெயரும் வேண்டாம், அதன் மேல் தப்பில்லை.

நான் விழுந்தது எங்கே தெரியுமா? அம்மாவுக்கு 63 வயது, முட்டி வலி. அதைச் சொன்னதும் அவரே போன் பண்ணினார். "அக்கா, சிலிங் அருவிக்குப் போகணும்னா அஞ்சாறு தடவை ஆத்தக் கடக்கணும். இது அப்படி இல்லை. கால் நனையாது. எங்கம்மாவையே கூட்டிட்டுப் போயிருக்கேன்" என்று ஒரு படம் அனுப்பினார். ஒரு பாட்டி பாறையில் உட்கார்ந்து, ஆற்றில் காலைத் தொங்கப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். கால் நனையாது என்று சொல்லிவிட்டு அனுப்பிய படம் அது. எனக்கு அப்போது உறைக்கவில்லை. அப்புறம், "வன இலாகா அனுமதிக்கு எல்லோருடைய ஐசி (அடையாள அட்டை) எண்ணும் வேணும், இன்னிக்கு ராத்திரிக்குள்ள முழுப் பணமும் கட்டணும்" என்றார். ஏமாற்றுகிறவன் அனுமதியைப் பற்றிப் பேசுவானா என்று நினைத்தேன். ஏழு பேரின் ஐசி எண்ணையும் அனுப்பி, 560 வெள்ளியையும் ஒரே தடவையில் போட்டுவிட்டேன். அம்மா மட்டும், "கோலகுபு ஆறு ஒரு காலத்துல ஊரையே கொண்டுபோன ஆறு" என்று சிரித்தார். 1883-இல் கோலகுபுவில் அணை உடைந்ததைத்தான் சொன்னார்.

சனிக்கிழமை ஏழரைக்கு வரச் சொன்னார்கள். வழிகாட்டி வந்தது ஒன்பது பத்துக்கு. இருபது வயது கூட இருக்காது, காலில் ஜப்பான் சிலிப்பர் (ரப்பர் செருப்பு). பேசினவர் வரவே இல்லை. நடந்து கால் மணி நேரத்தில் முதல் கடவு, முட்டியளவு தண்ணீர். பாதை இதுதான் என்றான் பையன். வீட்டுக்காரர் அம்மாவைக் கையைப் பிடித்துக் கடக்க வைத்தார். அக்கரையில் அம்மா பாறையில் உட்கார்ந்ததும், "பாட்டி, ஒரு படம்" என்று அவன் எடுத்துக்கொண்டான்.

இரண்டாவது கடவுக்கு வந்தபோது எங்கள் தலைக்கு மேல் வெயில். பிரேசர் மலைப் பக்கம் மட்டும் கறுத்திருந்தது. தெளிந்து ஓடிய தண்ணீர் கொஞ்ச நேரத்தில் தே தாரே (பால் தேநீர்) நிறத்துக்கு மாறியது. இலையும் குச்சியும் மிதந்து வந்தன. பிள்ளைகள் அதைப் பிடித்து விளையாடினார்கள்! மேலேயிருந்து பெத்தாய்க் காய் மூட்டையோடு இறங்கி வந்த தெமுவான் பூர்வகுடிப் பெரியவர் ஒருவர்தான், "கெப்பாலா ஆயேர், நாயிக், நாயிக்" என்று கத்தினார். மேலே எங்கோ பெய்த மழை ஒரே அடியாகத் திரண்டு இறங்குவதைத்தான் கெப்பாலா ஆயேர் என்பார்கள்; நாயிக் என்றால் ஏறு. கீழே ஒரு சொட்டுக் கூட விழ வேண்டியதில்லை. முதலில் மேட்டில் ஏறி ஓடியது எங்கள் வழிகாட்டி. அம்மாவைத் தூக்கி ஏற்றியது அந்தப் பெரியவர். பத்து நிமிடத்தில் பிள்ளைகள் நின்ற பாறை தெரியவில்லை.

இரண்டரை மணி நேரம் மேட்டில் காத்திருந்தோம். வாழையிலைச் சாப்பாடு என்று வந்தது இரண்டு பாக்கெட் ரொட்டி.

சாலைக்கு வந்தால் வன இலாகா அதிகாரிகள் அனுமதிக் கடிதம் கேட்டார்கள். பையன் போனில் காட்டியது வேறு தேதி, வேறு பெயர்கள். எங்கள் பெயரில் யாரும் விண்ணப்பிக்கவே இல்லை. ஹூத்தான் சிம்பானுக்குள் (காப்புக் காட்டுக்குள்) அனுமதி இல்லாமல் நுழைந்தால் 10,000 வெள்ளி வரை அபராதம் என்று திட்டிவிட்டு, அம்மாவைப் பார்த்துத்தான் விட்டார்கள். பத்தாங் காலி நிலச்சரிவில் 31 பேர் போனது 2022 டிசம்பரில், பக்கத்து ஊரில். அதை மறந்துவிட்டீர்களா என்று ஓர் அதிகாரி கேட்டார். என்ன பதில் சொல்வது?

அன்று மாலை அந்த ஆளுக்குப் போன் போட்டேன். "மழைக்கு நான் என்னாக்கா பண்றது?" மறுநாள்: "அனுமதிக்குக் கட்டின காசு திரும்ப வராது." எடுக்காத அனுமதிக்கு! மூன்றாம் நாள்: "அடுத்த டிரிப்புக்கு பத்து விழுக்காடு கழிச்சுத் தரேன்." நாலாம் நாளிலிருந்து நீல டிக் மட்டும். அப்புறம் அதுவும் இல்லை, வாட்சப் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். போலீசில் ரிப்போர்ட் எடுத்துக்கொண்டு, இது சிவில் விஷயம், டிரிபுனலுக்குப் போங்கள் என்றார்கள். பயனீட்டாளர் டிரிபுனலில் மனு போட 5 வெள்ளிதான், வக்கீல் வேண்டாம். போடப் போகிறேன். 560 வெள்ளி வந்தாலும் வராவிட்டாலும்.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. அனுமதிக் கடிதத்தில் உங்கள் பெயரும் தேதியும் இருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன்னாடியே பாருங்கள். வழிகாட்டியிடம் மாலிம் குனோங் (மலை வழிகாட்டி) அட்டை கேளுங்கள். பணம் போடும் முன் கணக்கு எண்ணை, மோசடிக் கணக்கா என்று பார்க்கும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பாருங்கள், ஆனால் இவன் கணக்கு அதில் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் கலங்கினால் மேடு ஏறுங்கள்.

நேற்று இரவு தங்கை ஒரு விளம்பரத்தை அனுப்பினாள். அதே ஆள், அடுத்த மாத நடை. படத்தில் பாறையில் உட்கார்ந்து, ஆற்றில் கால் வைத்துச் சிரித்துக்கொண்டிருப்பது என் அம்மா. நான் எழுதின கருத்தை இரண்டே நிமிடத்தில் அழித்துவிட்டார்கள். அதற்குக் கீழே யாரோ ஒரு பெண் கேட்டிருக்கிறார், என் மாமியாருக்கு முட்டி வலி, வரலாமா என்று. "தாராளமா வரலாம் அக்கா, கால் நனையாது."