சைக்கிள் பூட்டு: கேபிளா, யு-லாக்கா, சங்கிலியா?

சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயில் நிலையத்துச் சைக்கிள் நிறுத்துமிடங்களைக் கவனித்திருக்கிறீர்களா? எங்கு பார்த்தாலும் சுண்டுவிரல் தடிமனில் சுருள் கேபிள்தான். அதையும் முன்சக்கரத்தில் மட்டும் மாட்டிவிட்டு வேலைக்குப் போயிருப்பார்கள். பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பதோ மெல்லிய கம்பி முறுக்கு. பையில் அடங்கும் கட்டரே அதைச் சில நொடிகளில் நறுக்கிவிடும். கட்டர்கூட வேண்டாம். முன்சக்கரம் கையாலேயே கழற்றும் வகையாக இருந்தால், சக்கரத்தை விட்டுவிட்டு மிச்ச வண்டியைத் தூக்கிப் போகலாம். கேபிளைத் தனிப்பூட்டாக நம்பவே கூடாது. யு-லாக்குடன் (U வடிவ எஃகுப் பூட்டு) சேர்த்து, முன்சக்கரத்துக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம்.

என் தேர்வு யு-லாக்தான். 16 மில்லிமீட்டர் தடிமனில் நல்ல எஃகாக இருந்தால், கையால் இயக்கும் கட்டர் அதனிடம் தோற்கும். பேட்டரி கிரைண்டர் அறுத்துவிடும், உண்மைதான். ஆனால் ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் அந்தச் சத்தத்தையும் தீப்பொறியையும் எப்படி மறைப்பது? பூட்டும் விதமும் முக்கியம்: பின்சக்கரம், சட்டம், நிறுத்துமிடக் கம்பி மூன்றையும் ஒரே வளையத்துக்குள் கொண்டுவாருங்கள். உள்ளே இடைவெளி குறையக் குறைய, கடப்பாரை நுழைத்து நெம்ப இடமிருக்காது.

சங்கிலியும் அதே தடிமன் என்றால் அதே அளவு உறுதி; தூண் கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் வளைத்துப் போடலாம். ஆனால் எடை மூன்று கிலோவைத் தாண்டும். தினமும் சுமக்க முடியாது. அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இரவு நிறுத்தும் இடத்திலேயே விட்டுவைக்கச் சரி. எஃகுப் பட்டைகளை ஆணிகளால் இணைத்த மடக்குப் பூட்டு கையாள எளிது, ஆனால் இணைப்பு ஆணிகள்தாம் அதன் பலவீனம். காப்பிக் கடையில் பத்து நிமிடம் நிறுத்தப் போதும்.

வண்டி இருக்குமிடம் காட்டும் ட்ராக்கர் வாங்குவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆப்பிளின் ட்ராக்கரான ஏர்டேக்கில் ஜிபிஎஸ் கிடையாது. அருகிலுள்ள ஆப்பிள் சாதனங்கள் வழியாகத்தான் இருப்பிடம் தெரியும். மேலும், அது தன்னோடு பயணிப்பதாகத் திருடரின் கைப்பேசியே அவரை எச்சரிக்கக்கூடும். சிம் உள்ள ஜிபிஎஸ் கருவி மேல், ஆனால் சார்ஜ் போட மறக்கக்கூடாது. இரண்டுமே திருட்டைத் தடுப்பதில்லை. வரைபடத்தில் வண்டி எந்த புளோக்கில் நிற்கிறது என்று தெரிந்தாலும் நேரில் போய்ப் பறிக்க வேண்டாம். காவல்துறையை நாட அவகாசம் இருக்கும்போது தற்காப்பு உரிமை பேச நம் தண்டனைச் சட்டம் இடம் தராது. மின்சாரம் பாய்ச்சுவது, பொறி வைப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம்; காயம் யாருக்கு ஏற்பட்டாலும் வழக்கு உங்கள் மீதுதான்.

படிக்கட்டுக் கைப்பிடியிலோ நடைபாதைக் கம்பியிலோ பூட்டினால், திருடருக்கு முன்பே நகர மன்றமோ நிலப் போக்குவரத்து ஆணையமோ எடுத்துச் சென்றுவிடலாம். வீட்டு வாசலில் வைப்பதானால், தீ பாதுகாப்பு விதிப்படி தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும்.

பூட்டே வேண்டாம் என்பவர்களுக்கு மடக்கு சைக்கிள் இருக்கிறது. மடித்தபின் 120 x 70 x 40 சென்டிமீட்டருக்குள் அடங்கினால் எம்ஆர்டியிலும் பேருந்திலும் கூடவே கொண்டுபோகலாம். அலுவலக மேசைக்கு அடியில் வைக்க அனுமதி கிடைத்தால், மேலே சொன்ன எல்லாவற்றையும் இது மிஞ்சும்.

எதை வாங்கினாலும், பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் வரிசை எண்ணையும் ரசீதையும் இன்றே படமெடுத்து வையுங்கள். புகார் கொடுக்கும்போது வண்டி உங்களுடையதுதான் என்று காட்ட உதவுவது அந்த எண்தான்.