சீம்பாலைச் சோதிக்க பிரிக்ஸ் மீட்டர்: வாங்கலாமா?

கரும்புச் சாறு, பழச்சாறு ஆகியவற்றின் இனிப்பை அளக்க வந்த கருவி இது. சீம்பாலின் தரமும் இதில் தெரியும் என்பதால் மாட்டுப் பண்ணைக்காரர்களும் வாங்குகிறார்கள். பிறந்த கன்றின் ரத்தத்தில் நோய் எதிர்ப்புப் புரதம் அநேகமாக இருக்காது; சீம்பால் வழியாகத்தான் வரவேண்டும். லிட்டருக்கு 50 கிராம் அந்தப் புரதம் உள்ள சீம்பால், மீட்டரில் 22 சுமாருக்குக் காட்டும். அதற்கு மேல் இருந்தால் நல்ல சீம்பால். 18-க்குக் கீழே போனால் முதல் ஊட்டுக்கு வேறு மாட்டின் சீம்பால் கிடைக்குமா என்று பார்ப்பது நல்லது.

வாங்கும்போது 0 முதல் 32 வரை அளவுகோல் உள்ளதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். தேன் சோதிக்கும் மீட்டரும் பார்க்க இதே மாதிரிதான், ஆனால் அதன் அளவு 58-ல் தொடங்கும். சீம்பாலை விட்டுப் பார்த்தால் முழுக்க நீலமாகவே தெரியும். ஆன்லைனில் படத்தைப் பார்த்து ஆர்டர் போடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

கையாள்வது சுலபம். கண்ணாடி மேல் வாலை வடிநீர் இரண்டு சொட்டு விட்டு, மூடியை மூடி, அரை நிமிடம் கழித்து வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் நீலமும் வெள்ளையும் சேரும் கோடு 0-ல் நிற்க வேண்டும். இல்லையென்றால் திருகைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். பிறகு துடைத்துவிட்டு சீம்பால். மடியில் முதலில் பீய்ச்சும் நாலு பீச்சைச் சோதித்துப் பயனில்லை. முதல் கறவை முழுவதையும் கறந்து, கலக்கிவிட்டு, நுரை இல்லாத இடத்தில் எடுக்க வேண்டும்.

குறை என்றால் கோடு மங்கலாகத் தெரிவதுதான். சீம்பாலில் கொழுப்பு அதிகம் என்பதால் சாம்பல் நிறப் பட்டை மாதிரி விழும், அதன் நடுவை வாசிக்க வேண்டும். இருவர் பார்த்தால் ஒன்றிரண்டு வித்தியாசம் வரத்தான் செய்யும். வெப்பத்துக்கு ஏற்பத் தானே சரிசெய்துகொள்ளும் வகை என்றாலும் பெரும்பாலும் 10 முதல் 30 டிகிரி வரைக்கும்தான். சித்திரை வெயிலில் கொட்டகையில் பார்ப்பதென்றால் ஒவ்வொரு முறையும் 0-வைச் சரிபார்த்தே ஆக வேண்டும். கருவியைக் குழாயடியில் கழுவக் கூடாது. உள்ளே தண்ணீர் இறங்கினால் பார்வை பனி மூடிப்போகும். ஈரத்துணியால் உடனே துடைத்தால் போதும். காயவிட்டால் பசை போல ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவர்களுக்கு இது தேவையே இல்லை. அந்தப் பணத்துக்கு நிப்பிள் பாட்டில் ஒன்றும் தொப்புள்கொடிக்கு டிஞ்சர் அயோடினும் வாங்கலாம். மீட்டர் காட்டும் எண்ணைவிட சீம்பால் ஊட்டும் நேரம்தான் முக்கியம். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்கும் வழக்கம் இன்னும் பல ஊர்களில் போகவில்லை. நஞ்சு விழ ஆறேழு மணி நேரம் கூட ஆகலாம். அதற்குள் மடியிலுள்ள சீம்பாலின் அடர்த்தி குறையும், புரதத்தை உறிஞ்சும் கன்றுக் குடலின் திறனும் இறங்கிவிடும். 24 மணி நேரத்தில் அந்த வழி அடைபட்டுவிடும். பிறகு 25 காட்டும் சீம்பாலை ஊட்டினாலும் ரத்தத்துக்குப் போய்ச் சேராது. இரண்டு மணி நேரத்துக்குள் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ ஜெர்சி கலப்பினக் கன்றுக்கு இரண்டரை லிட்டர், உள்ளே போக வேண்டும். மீதிதான் வீட்டுத் திரட்டுப்பாலுக்கு.

மாதம் நாலைந்து கன்று விழும் பண்ணை என்றால் யோசிக்காமல் வாங்கலாம். 22-க்கு மேல் காட்டுவதை ஒரு லிட்டர் பைகளில் உறைய வைத்து, தலையீத்து மாட்டின் கன்றுக்கோ தாய் இறந்த கன்றுக்கோ கொடுக்கலாம். உருக்க 50 டிகிரி வெந்நீரில் பையோடு வைக்க வேண்டும். அடுப்பில் கொதிக்க வைத்தால் எதிர்ப்புப் புரதம் கெட்டுவிடும்.

இன்னொரு பயனும் உண்டு. கன்று பிறந்த இரண்டாம் நாள் முதல் ஒரு வாரத்துக்குள் கால்நடை மருத்துவர் ரத்தம் எடுத்துச் சீரம் பிரித்துக் கொடுத்தால், அதையும் இதே மீட்டரில் பார்க்கலாம். 8.4-க்குக் கீழே என்றால் சீம்பால் சரியாகச் சேரவில்லை. அந்தக் கன்றைக் கழிச்சலுக்கும் சளிக்கும் தனியாகக் கவனிக்க வேண்டும்.