ஆட்டோகேட்டின் ஓஸ்நாப்: பதினான்கில் நான்கு போதும்

இரண்டு சுவர்க்கோடுகள் மூலையில் ஒட்டியிருப்பதுபோலத் திரையில் தெரியும். பெரிதாக்கிப் பார்த்தால் நடுவே கால் மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். அந்த அறைக்கு ஹேட்ச் (மூடிய பரப்பை நிரப்பும் கோட்டு வடிவம்) போடப் போனால் எல்லை மூடவில்லை என்ற செய்தி வரும். கண்ணளவை நம்பி மவுஸைச் சொடுக்கியதன் விளைவு இது. இதைத் தவிர்ப்பதற்கென்றே ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் இருப்பது ஆப்ஜெக்ட் ஸ்நாப், வரைவாளர்கள் வழக்கில் ஓஸ்நாப். கட்டட வரைபடங்களில் இதை நாள்தோறும் பயன்படுத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன்: கருவி மிகச் சிறந்தது, ஆனால் பெரும்பாலோர் அதைத் தேவைக்கு மேல் திறந்து வைத்திருக்கிறார்கள்.

ஓஸ்நாப் வேலை செய்யும் விதம் எளிமையானது. கர்சர் ஒரு கோட்டின் முனைக்கு அருகே சென்றதும் அங்கே ஒரு சதுரம் தோன்றும். நடுப்புள்ளியானால் முக்கோணம், வட்டத்தின் மையமானால் சிறுவட்டம், இரு கோடுகள் வெட்டும் இடமானால் பெருக்கல் குறி. அப்போது சொடுக்கினால், கை எங்கே இருக்கிறது என்பதைப் பொருட்படுத்தாமல், அந்தப் பொருளின் தரவில் பதிவாகியுள்ள ஆயத்தொலைவையே மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. திரையைச் சுருக்கி வைத்திருந்தாலும் துல்லியம் குறையாமல் இருப்பதற்கு இதுவே காரணம். இந்த எண்ணம் ஆட்டோகேட்டுக்கு முந்தியது. 1963இல் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய ஸ்கெட்ச்பேடிலேயே ஒளிப்பேனா அருகிலுள்ள புள்ளிக்கு இழுக்கப்பட்டது.

அமைப்புப் பெட்டியில் மொத்தம் பதினான்கு வகைகள் உள்ளன. புதிதாகக் கற்பவர்கள் 'செலக்ட் ஆல்' பொத்தானை அழுத்திவிட்டு, எல்லாம் கிடைத்துவிட்டதாக நினைக்கிறார்கள். நெருக்கமான வரைபடத்தில் அது பெருந்தொல்லை. குறிப்பாக 'நியரஸ்ட்' நிரந்தரமாக இயங்கினால், கோட்டின் மேல் எந்த இடமும் அதற்குச் சம்மதமே. முனையைப் பிடித்துவிட்டதாக நம்பிச் சொடுக்குவோம். புள்ளியோ முனைக்குச் சற்றுத் தள்ளி விழுந்திருக்கும். ஒரு வீட்டு வரைபடத்தில் தூண்களை இப்படி வைத்துவிட்டு, அளவுக்கோடுகள் போடும்போது கூட்டுத்தொகை 12 மில்லிமீட்டர் உதைத்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

என் பரிந்துரை: முனை, நடு, மையம், வெட்டுப்புள்ளி ஆகிய நான்கை மட்டும் நிரந்தரமாக வையுங்கள். எந்த ஸ்நாப்கள் இயங்கும் என்பதைக் குறிக்கும் மாறியான ஓஸ்மோட் (OSMODE) என்பதைத் தட்டச்சு செய்து 39 கொடுத்தால் இந்த நான்கும் அமைந்துவிடும், ஏனெனில் அவற்றின் குறியீட்டெண்கள் முறையே 1, 2, 4, 32. செங்குத்து, தொடுகோடு, குவாட்ரண்ட் (வட்டத்தின் கால்பகுதிப் புள்ளி) போன்றவை தேவைப்படும் நொடியில் ஷிஃப்டை அழுத்தியபடி வலச்சொடுக்கு செய்து, அந்த ஒரு புள்ளிக்கு மட்டும் அழைத்துக்கொள்ளலாம். பொருள்கள் குவிந்த இடத்தில் டேப் விசையைத் தட்டினால், கர்சருக்கு அருகிலுள்ள ஸ்நாப் புள்ளிகள் ஒவ்வொன்றாக மாறிவரும். இதை அறியாமலே பல ஆண்டுகள் வரைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கருவிக்கு நான் முழு மதிப்பெண் தருவது இரண்டு துணைக் கட்டளைகளுக்காக. ஒன்று 'ஃப்ரம்'. சுவர் மூலையிலிருந்து 450 மில்லிமீட்டர் தள்ளிக் கதவைத் தொடங்க வேண்டுமானால், ஃப்ரம் கொடுத்து, மூலையைப் பிடித்து, @450,0 என்று அடித்தால் போதும். துணைக்கோடு வரைந்து பிறகு அழிக்கும் வேலை இல்லை. மற்றொன்று 'எம்2பி', இரு புள்ளிகளுக்கு நடுவே உள்ள புள்ளி. செவ்வக அறையின் எதிரெதிர் மூலைகளைக் காட்டினால் மின்விசிறிக்கான இடம் கிடைத்துவிடும். மூடிய பாலிலைனின் (பல துண்டுகள் இணைந்த ஒரே கோட்டின்) வடிவ மையத்தைத் தரும் ஸ்நாப் 2016 பதிப்பில் சேர்ந்தது. ஒழுங்கற்ற மனைகளுக்கு அது பயன்படும். ஸ்நாப் புள்ளிகளிலிருந்து வழிகாட்டிக் கோடுகளைக் காட்டும், எஃப்11 விசையால் இயங்கும் டிராக்கிங்கும் நல்லதுதான், ஆனால் கர்சர் சற்று நின்ற புள்ளிகளையெல்லாம் அது குறித்து வைத்துக்கொள்வதால் அவசரக்காரர்களுக்கு ஒத்துவராது.

குறை என்று சொன்னால், உயரம் சார்ந்த பொறியே முதன்மையானது. நில அளவை வரைபடங்களில் புள்ளிகளுக்கு இசட் மதிப்பு இருப்பது வழக்கம். அவற்றை ஓஸ்நாப்பால் பிடித்துக் கோடு போட்டால், அந்த உயரமும் கூடவே வந்துவிடும். தளத்தில் 3 மீட்டரும் உயரத்தில் 4 மீட்டரும் வேறுபடும் இரு புள்ளிகளை இணைத்த கோடு, மேலிருந்து பார்க்க 3 மீட்டராகத் தெரிந்தாலும், அதன் நீளம் 5 மீட்டர் என்றே பதிவாகும். ஓஸ்நாப்இசட் மாறியை 1 ஆக்கினால் இது தீரும். அமைப்புப் பெட்டியில் கண்ணில் படும்படி இதை வைத்திருக்கலாம். ஆட்டோகேட்டைத் தானாக இயக்க லிஸ்ப் மொழியில் நிரல்கள் எழுதுவோருக்கு இன்னொரு எச்சரிக்கை: நிரல் தரும் புள்ளிகளையும் ஓஸ்நாப் பக்கத்துப் பொருளுக்கு இழுத்துவிடக்கூடும். நிரலின் தொடக்கத்தில் ஓஸ்மோடைப் பூஜ்யமாக்கி, முடிவில் பழைய மதிப்பை மீட்டுவிடுவதே பாதுகாப்பு.

இதற்காக மட்டும் ஆட்டோகேட்டின் முழுப் பதிப்புக்குச் சந்தா கட்டவேண்டியதில்லை. இங்கே சொன்ன நான்கு ஸ்நாப்களும், ஃப்ரம், எம்2பி ஆகியனவும் விலை குறைந்த எல்டி பதிப்பிலும் இருக்கின்றன.