பிளெண்டரில் லைட்டிங்: எவர்சில்வர் மேல் விழும் வெள்ளைக் கோடு

பாத்திரக் கேட்லாக்குகளுக்கு முப்பரிமாணப் படம் செய்து கொடுப்பது என் வேலை. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளின் 2.80 பதிப்பு வெளியான 2019-லிருந்து அதில்தான் ஓடுகிறது. எவர்சில்வர் டம்ளர் தன்னைக் காட்டாது, சுற்றி இருப்பதைத்தான் காட்டும். அதனால் விளக்கு சரியாக அமையாவிட்டால் மாடலிங்கில் எவ்வளவு உழைத்தாலும் தெரியாது.

புது ஃபைலைத் திறந்ததும் நிற்கும் 1000 வாட் பாயின்ட் லைட்டை நான் உடனே அழித்துவிடுவேன். ஹைலைட் என்பது விளக்கின் பிம்பம். உருண்டை விளக்கு டம்ளரில் சின்னப் பொட்டாகத்தான் தெரியும். எனக்கு வேண்டியது விளிம்பிலிருந்து அடிவரை இறங்கும் கோடு. அதற்கு ஒடுக்கமான, உயரமான ஏரியா லைட், அதாவது பலகை போல ஒளிரும் விளக்கு வேண்டும். டம்ளர் நிஜ அளவில் இருந்தால் சில வாட்டே போதும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வாட்டை மாற்றாமல் லைட்டின் அகலத்தை இரட்டிப்பாக்கினால் கோடு அகலமாகும், ஆனால் அதன் பிரகாசம் பாதியாகிவிடும். மொத்த ஒளி அதேதான், பரப்பு மட்டும் கூடிவிட்டது. அகலத்தோடு வாட்டையும் ஏற்றினால் பழைய பளபளப்பு திரும்பும். கோட்டின் ஓரம் கத்தியால் வெட்டியது போல இருந்தால் படம் கம்ப்யூட்டர் வாடை அடிக்கும். பிளெண்டரின் சைக்கிள்ஸ் என்ற ரெண்டர் இன்ஜினில் (இறுதிப் படத்தைக் கணக்கிட்டுத் தரும் பகுதி) லைட்டுக்கே நோட் (அமைப்புக் கட்டம்) போட்டு, ஒரு பக்கம் மெல்ல மங்கும்படி கலர் ரேம்ப் என்ற நிறச் சரிவு கொடுத்தால் ஸ்டூடியோவில் ஒளியை மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸின் குணம் வந்துவிடும். இதைச் செய்யாமல் நான் எந்தப் படத்தையும் அனுப்புவதில்லை.

பிளெண்டரின் இன்னொரு ரெண்டர் இன்ஜினான ஈவி வேகமானது, முன்னோட்டத்துக்கு அருமை. ஆனால் கேமராவுக்கு வெளியே நிறுத்திய வெள்ளை அட்டை, சுற்றுப்புறத்தைப் பதிவு செய்யும் புரோப் வைக்காவிட்டால் டம்ளரில் பிரதிபலிக்காது. இறுதி ரெண்டர் எனக்கு எப்போதும் சைக்கிள்ஸ்தான்.

2023 நவம்பரில் வந்த பிளெண்டர் 4.0 எனக்குப் பெரிய திருப்பம். லைட் லிங்கிங் வந்ததால், டம்ளருக்கு வைத்த விளக்கு பின்னால் இருக்கும் துணியை வெளுக்காமல் பார்த்துக்கொள்ள முடிகிறது. அப்புறம் ரெண்டரின் வெளிச்சத்தையும் நிறத்தையும் திரைக்கு ஏற்றபடி மாற்றும் முறையில், ஃபில்மிக்கின் இடத்தில் ஏஜிஎக்ஸ் வந்தது. அடர்ந்த நிற விளக்கின் உச்ச வெளிச்சம் வேறு நிறமாகத் திரும்பாமல் இயல்பாக வெள்ளையை நோக்கிப் போகிறது. பித்தளையில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஒரே குறை, பெட்டியில் அச்சடித்த பிராண்ட் நிறங்கள் சோகை பிடித்தது போல ஆகிவிடும். அந்தப் படங்களுக்கு 4.2-ல் சேர்ந்த க்ரோனோஸ் பிபிஆர் நியூட்ரல் என்ற இன்னொரு முறைக்கு மாறிக்கொள்கிறேன்.

எனக்கு இன்னும் மனத்தாங்கல் இருப்பது ஒன்றில்தான். ஷிஃப்ட்+T அழுத்தினால் லைட் நாம் காட்டும் இடத்தை நோக்கித் திரும்பும், ஆனால் ஹைலைட் அங்கே விழாது. அது பிரதிபலிப்புக் கோணத்தைப் பொறுத்தது. ஹெச்டிஆர் லைட் ஸ்டூடியோவில் மாடல் மேல் கிளிக் செய்தாலே ஹைலைட் அங்கே வந்து உட்காரும். அது தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள். இந்த வசதி பிளெண்டருக்குள்ளேயே வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதுவரை விண்டோவை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் கேமரா வழியாக ரெண்டர் காட்சியை ஓடவிட்டு, மற்றதில் லைட்டை நகர்த்திக்கொண்டே கோட்டைப் பார்ப்பதுதான் வழி.