அண்ணன் வீட்டு 34 இஞ்ச் ட்யூப் டிவியும் அல்சூர் மெக்கானிக்கும்

பெங்களூருக்குக் கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால் அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் செய்தி ஒரே வரிதான். "பெரிய டிவி செத்துப் போச்சுடா, வரும்போது ஏதாவது பண்ணு."

பெரிய டிவி என்றால் அண்ணன் வீட்டுக் கூடத்தில் இருக்கும் சோனி டிரினிட்ரான். 34 இஞ்ச் அகலத்திரை, ஹெச்டி, ஆனால் ட்யூப். 2004 கடைசியில் நியூ ஜெர்சியில் நானும் அண்ணனும் கடைக்குப் போய் வாங்கியது. 2006-ல் அவன் பெங்களூருக்கே திரும்பியபோது வீட்டுச் சாமான்களோடு கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். எடை ஏறக்குறைய 90 கிலோ. அல்சூர் ஏரிப் பக்கம் முதல் மாடி வீடு. அன்று நாலு பேர் தூக்கி வைத்த இடத்திலிருந்து பிறகு யாரும் அதை நகர்த்தியதில்லை.

போய்ப் பார்த்தபோதுதான் நடந்தது புரிந்தது. அது அமெரிக்க டிவி, 120 வோல்ட். ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத்தான் ஓடும். பொங்கலுக்கு வீடு வெள்ளையடித்தபோது எல்லா வயரையும் கழற்றி வைத்திருக்கிறார்கள். திரும்ப மாட்ட வந்த பையன், தட்டை முள் ப்ளக்கைப் பார்த்து, டிராயரில் கிடந்த அடாப்டரைப் போட்டு நேராகச் சுவரில் சொருகிவிட்டான். ஒரு 'டப்', கொஞ்சம் புகை. பையன் மேல் தப்பே இல்லை. ப்ளக்கில் யாரும் எதுவும் எழுதி வைக்கவில்லை.

முதலில் ஆப் மூலமாக வீட்டுக்கே வந்து ரிப்பேர் செய்யும் சேவை ஒன்றைக் கூப்பிட்டோம். பெயர் வேண்டாம். சொன்ன நேரத்துக்கு வந்தார்கள், அதுவரை சரி. வந்தவர் டிவியின் பின்பக்கம் கூடப் பார்க்கவில்லை. "சிஆர்டி, ட்யூப் டிவி எல்லாம் நாங்க எடுக்கறதில்ல சார், எக்ஸ்சேஞ்சுக்குக் குடுத்துட்டு எல்இடி வாங்கிக்கங்க" என்றார். வந்ததற்கு 349 ரூபாய். எனக்குக் கோபம் அந்தப் பணத்துக்காக இல்லை. தெரியாது என்று ஒருவர் சொன்னால் மதிக்கலாம். மூடியைக் கூடத் திறக்காமல் 'குப்பை' என்று தீர்ப்புச் சொல்வது வேறு.

மறுநாள் காலை அண்ணிதான் ஒரு வழி சொன்னார்கள். அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்குப் போகும் வழியில், தையல் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவே, பத்துக்குப் பத்தில் ஒரு கடை. உள்ளே ஆம்ப்ளிஃபையர்கள், யுபிஎஸ், மூலையில் இரண்டு பழைய மானிட்டர். உட்கார்ந்திருந்தவருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். ஆற்காட்டுப் பக்கம் பூர்வீகமாம், மூன்று தலைமுறையாக பெங்களூர். மாடல் நம்பரைச் சொன்னதும் கையில் இருந்த சால்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டார்.

"ஹெச்டி ட்யூபா? 34-ஆ? தூக்கிப் போட்டுடாதீங்க சார். நான் வீட்டுக்கே வர்றேன். அதைத் தூக்கினா இடுப்பு போயிடும்."

சாயங்காலமே வந்தார். கேட்ட முதல் கேள்வி இதுதான்: "ஸ்விட்ச் போட்டப்புறம் யாராச்சும் பவர் பட்டனை அமுக்கினீங்களா?" இல்லை என்றோம். முகம் மலர்ந்துவிட்டது. காரணத்தையும் சொன்னார். பவர் பட்டனை அமுக்காதவரை ரிலே என்ற உள் ஸ்விட்ச் இணையாது, மெயின் பவர் சப்ளைக்குக் கரண்ட் போகாது. பவர் பட்டனுக்காகக் காத்திருக்கும் ஸ்டாண்ட்பை பகுதி மட்டும்தான் விழித்திருக்கும். 120 வோல்ட் ஏசியை டிசி ஆக்கினால் சுமார் 170 வோல்ட். 230-ஐக் கொடுத்தால் அதுவே 325. ஸ்டாண்ட்பை பகுதியில் இருக்கிற கபாசிட்டர் 200 வோல்ட் வரைதான் தாங்கும். அதனால் அது வீங்கியிருக்கும், அதிக வோல்ட்டேஜைத் தடுக்கும் வேரிஸ்டர் வெடித்திருக்கும், ஃப்யூஸ் போயிருக்கும், அவ்வளவுதான். மூடியைத் திறப்பதற்கு முன்பே இவ்வளவும் சொல்லிவிட்டார்.

திறந்ததும் அவர் செய்த முதல் காரியத்தை மறக்க மாட்டேன். செருப்பைப் போட்டுக்கொண்டார். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். நீளமான ஸ்க்ரூட்ரைவரில் ஒரு வயரைக் கட்டி, வயரின் மறுமுனையை ட்யூபைச் சுற்றியிருக்கும் பின்னல் கம்பியில் மாட்டினார். பிறகு ட்யூபுக்கு உயர் வோல்ட்டேஜ் நுழையும் இடமான ஆனோடின் ரப்பர் மூடிக்கு அடியில் ஸ்க்ரூட்ரைவர் நுனியை மெதுவாக நுழைத்தார். 'டிக்' என்று சின்னச் சத்தம். அணைத்து வைத்த ட்யூபும் உள்ளே சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். ஓடும்போது அந்த இடத்தில் 30,000 வோல்ட்டை ஒட்டி இருக்கும். இரண்டு கையாலும் தொட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும், அதனால்தான் ஒரு கை முதுகுக்குப் பின்னால். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். நாற்பது வருஷம் கை பழகியவர் செய்கிற வேலை அது.

அவர் சொன்ன மூன்று பொருளும் அப்படியே போயிருந்தன, வேறு எதுவும் இல்லை. சாமான் வாங்க மறுநாள் நானும் கூடவே போனேன். அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, சிக்கபேட்டையில் இறங்கினால் எஸ்.பி. ரோடு நடக்கிற தூரம்தான். சாதர் பத்ரப்பா ரோடு என்று முழுப்பெயர் சொன்னால் ஆட்டோக்காரர்களுக்கே சட்டென்று பிடிபடுவதில்லை. ஊருக்கு வரும் நம்மவர்கள் மால்களைத்தான் சுற்றிவிட்டுப் போகிறோம், ஒரு காலையை இங்கே கழித்துப் பாருங்கள். நான் நின்ற நாலு கவுன்ட்டரில் மூன்றில் தமிழில் பேசினார்கள். கபாசிட்டரை வாங்கியதும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பவில்லை நம் மெக்கானிக். மீட்டரில் அளந்தார், 105 டிகிரி சூடு தாங்கும் ரகமா என்று பார்த்தார், 250 வோல்ட் தாங்குவதாகவே கேட்டு வாங்கினார். மூன்றும் சேர்த்து 210 ரூபாய்.

டிரான்ஸ்ஃபார்மரும் புதிதாகச் சுற்றச் சொன்னோம். பழையது 500 விஏ (தாங்கும் பவரின் அளவு). அது போதும்தான், ஆனால் ஒவ்வொரு முறை டிவியைப் போடும்போதும் ட்யூபைச் சுற்றியுள்ள டிகாஸ் காயில் (திரையில் ஏறிய காந்தத்தை நீக்கும் சுருள்) ஒரு நொடி நிறையக் கரண்ட்டை இழுக்கும், அப்போது டிரான்ஸ்ஃபார்மர் உறுமும். 1000 விஏ சொன்னோம். 4,200 ரூபாய், மூன்றாம் நாள் கையில் கிடைத்தது. வெளியே வரும் வோல்ட்டேஜைக் கடைக்காரரே நம் கண்முன் அளந்து காட்டினார்: 119.

டிவி உயிர் பெற்றது. என்னைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. அவருக்கு அப்போதுதான் ஆரம்பம்.

திரையின் வலது கீழ் மூலையில் ஒரு மங்கலான பச்சைக் கறை 2006-லிருந்தே உண்டு. கப்பலில் அடிபட்டதாகத்தான் நினைத்திருந்தோம். அவர் விளக்கியது வேறு. ட்யூபுக்குள் ஓடும் எலக்ட்ரான் கதிரைப் பூமியின் காந்தப்புலம் கொஞ்சம் தள்ளிவிடும். அந்தத் தள்ளலையும் கணக்கில் வைத்துத்தான் ஒவ்வொரு ட்யூபையும் சரிசெய்து அனுப்புவார்கள். நியூ ஜெர்சியில் ஒரு காந்த முள்ளைத் தடையில்லாமல் தொங்கவிட்டால் கீழ்நோக்கி நன்றாகவே சாயும். பெங்களூரில் லேசாகத்தான் சாயும், ஏனென்றால் காந்த முள் சாயாமல் கிடையாக நிற்கும் காந்த நடுக்கோடு நமக்குத் தெற்கே பக்கத்திலேயே போகிறது. 1963-ல் முதல் ராக்கெட் கிளம்பிய கேரளத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே அந்தக் கோட்டுக்கு அருகில் இருந்ததால்தானே. அமெரிக்க வானத்துக்குக் கட்டிய ட்யூப் அல்சூருக்கு வந்தால் மூலையில் நிறம் பிசகத்தான் செய்யும். போதாக்குறைக்கு அண்ணன் வூஃபரை டிவியை ஒட்டியே வைத்திருந்தான், அதில் பெரிய காந்தம்.

வூஃபர் அந்தப் பக்கச் சுவருக்குப் போனது. வளையல் மாதிரிப் பெரிய டிகாஸ் காயிலை எடுத்துத் திரைமுன் மெதுவாக வட்டமிட்டார், ஆரத்தி எடுப்பது போலவே. நிறங்கள் சுழித்துக்கொண்டு ஓடின. காயிலை அணைக்காமல் பின்னாலேயே நடந்து, இரண்டு மீட்டர் தள்ளிப் போன பிறகுதான் அணைத்தார். பக்கத்தில் வைத்து அணைத்தால் புதுக் கறை விழுமாம். மிச்சமிருந்ததை ரிமோட்டில் மெக்கானிக்குகளுக்கான சர்வீஸ் மெனு திறந்து சரிசெய்தார். ஆனால் ஒரு எண்ணைக்கூட மாற்றுவதற்கு முன், இருந்த எண்கள் அத்தனையையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். அதற்கே முக்கால் மணி நேரம். சரிந்திருந்த மேல் ஓரம் நேரானது, வட்டம் வட்டமானது.

இன்னொரு கோளாறும் தெரிந்தது. படம் முழுக்கச் சன்னமாக நடுங்கியது. டிரான்ஸ்ஃபார்மரின் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 முறை மாறும்) காந்தப்புலமும் டிவியின் 60 ஹெர்ட்ஸும் மோதினால் நொடிக்குப் பத்து ஆட்டம் தெரியும். டிரான்ஸ்ஃபார்மரை ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்தார், நடுக்கம் நின்றது. இத்தனை வருஷமும் டிவிக்கு அடியிலேயே அதை வைத்துவிட்டு, 'வயசாயிடுச்சு, ஆடுது' என்று நாங்களே சொல்லிக்கொண்டிருந்தோம்.

எனக்கு மனது கனத்துப்போனது அடுத்த விஷயத்தில்தான். பதினெட்டு வருஷத்துக்கு மேல் பெங்களூரில் இருந்தும் இந்த ஹெச்டி டிவி ஒரு நாள்கூட ஹெச்டி காட்டவில்லை. மஞ்சள் வயர், பழைய பால் – என்டிஎஸ்சி (நம் ஊர் டிவி முறையை அமெரிக்க முறைக்கு மாற்றும்) கன்வெர்ட்டர், அவ்வளவுதான். நம் ஊர் ஹெச்டி சேனல்கள் 50 ஹெர்ட்ஸ், இந்த டிவிக்கு 60 வேண்டும். செட்டாப் பாக்ஸை ஹெச்டிஎம்ஐ-யில் நேராக மாட்டினால் படம் வராது. 1080 கோடுகளையும் ஒரே முறையில் அனுப்பும் 1080பி-யும் ஏற்காது, 1080ஐ தான் அதன் பாஷை: ஒரு முறை ஒற்றைப்படைக் கோடுகள் 540, அடுத்த முறை இரட்டைப்படை 540, நொடிக்கு 60 முறை. எஸ்.பி. ரோட்டிலேயே 50-ஐ 60 ஆக்கி 1080ஐ கொடுக்கும் ஒரு பெட்டி கிடைத்தது, 2,600 ரூபாய். வீட்டு டிவிடி பிளேயரில் 1080ஐ, என்டிஎஸ்சி என்று இரண்டு மெனு மாற்றினால் போதும், அதற்குத் தனிப் பெட்டி தேவையில்லை.

படம் எப்படி இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு உள்ளதைச் சொல்கிறேன். கறுப்பு உண்மையிலேயே கறுப்பு. கதிர் படாத இடத்தில் திரையின் உள்பூச்சான பாஸ்பர் ஒளிராது, பின்னால் விளக்கு எதுவும் இல்லை. ராத்திரி கூடத்து லைட்டை அணைத்தால் இரவுக் காட்சிகளில் திரையின் எல்லையே தெரியாது. ஓடுகிற பந்து, திரும்புகிற முகம் எதுவும் இழுபடாது, ஏனென்றால் ஒவ்வொரு புள்ளியும் மின்னி உடனே அணைந்துவிடுகிறது. பக்கவாட்டில் மோடாவில் உட்காரும் அண்ணிக்கும் நேரே உட்காரும் அம்மாவுக்கும் ஒரே நிறம். நிலையான பிக்ஸல் கட்டங்கள் இல்லாததால் பழைய டிவிடி கட்டம் கட்டமாக உடையாது, பட்டுத்துணி மாதிரி விழும்.

குறைகளும் உண்டு. ஓரத்தில் படம் கொஞ்சம் வெட்டுப்படும், அதனால் கிரிக்கெட் ஸ்கோர் பட்டையின் நுனி தெரியாது. 50-லிருந்து 60-க்கு மாற்றுவதால் கேமரா பக்கவாட்டில் போகும்போது லேசான தடுமாற்றம் இருக்கிறது. பட்டப்பகலில் ஜன்னல் திறந்திருந்தால் எல்இடி-யின் பளீர் இதற்கு வராது. வெள்ளைத் திரை வந்தால் குறுக்கே இரண்டு மெல்லிய நிழல்கோடு தெரியும். டிரினிட்ரானின் செங்குத்துக் கம்பிகள் அதிராமல் பிடித்து வைக்கும் குறுக்குக் கம்பிகள் அவை, பழுதில்லை. பழைய 4:3 படத்தை நார்மல் மோடில் வைத்தால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், மணிக்கணக்கில் அப்படியே விட்டால் நடுப்பகுதி மட்டும் தேயும் என்று எச்சரித்தார்.

கூலி எவ்வளவு என்று கேட்டபோது 1,500 என்றார். இரண்டரை நாள் வேலை. நான் 3,000 வைத்தேன், 2,000-த்தை எடுத்துக்கொண்டு மீதியை அம்மா கையில் கொடுத்துவிட்டார். அவரிடம் கேட்டேன், கற்றுக்கொள்ள யாராவது வருகிறார்களா என்று. "மொபைலுக்கு வருவாங்க சார். இதுக்கு யாரு வர்றா?" பழைய ட்யூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, அதைக் காயலான் கடையில் சுத்தியால் உடைக்கிறார்கள் என்று அவர் வருத்தப்பட்டார். போட்டே ஆகவேண்டும் என்றால் அனுமதி பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம்தான் கொடுக்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். பெங்களூரில் இப்படி ஒரு டிவி உங்கள் வீட்டிலும் மூலையில் கிடந்தால், ஆப்பைத் திறப்பதற்கு முன் தெருவில் விசாரியுங்கள். உங்கள் பேட்டையிலும் இவரைப் போல ஒருவர் இருக்கக்கூடும்.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி அண்ணன் கல்யாண டிவிடியைப் போட்டோம். 1996, விஹெச்எஸ்-லிருந்து ஏற்றியது. படுக்கையறை எல்இடி-யில் அப்பாவின் முகம் சதுரம் சதுரமாகத்தான் தெரியும். இங்கே அவர் பந்தியில் குனிந்து யாருக்கோ பாயசம் ஊற்றிவிட்டு நிமிர்வது முழுசாகத் தெரிந்தது. அம்மா மோடாவை இழுத்துக்கொண்டு கிட்டே போய் உட்கார்ந்தார்கள்.

"என் புடவையைப் பாரு, அரக்கு. அந்த டிவியில கறுப்பாக் காட்டுச்சு. நான் கல்யாணத்துக்குக் கறுப்பா கட்டுவேன்?"

ப்ளக்கில் இப்போது சிவப்பு டேப் சுற்றி, '120 வோல்ட் மட்டும்' என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதியிருக்கிறது. கன்னடத்தில் எழுதியது மெக்கானிக்தான்.